முப்பத்திரண்டு பல்லும் யாருக்கு இருக்கு?

டிஸ்கி: நான் பல் டாக்டர் இல்லை. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆள். இதில் பாதி படிச்சது, பாதி பட்டது. உங்க பல்லுக்கு என்ன செய்யணும்ங்கிறதை உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க.

ஒரு தப்பு பண்ணிட்டேன் மக்களே. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

என் தங்கச்சி மகனுக்கு இருபது வயசு. கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் ரெண்டு நாளும் இடது கன்னத்துல கை வச்சுக்கிட்டே திரிஞ்சான். "என்னலே, எவளும் அறைஞ்சிட்டாளா?"ன்னு கேட்டேன். "போங்க மாமா, கடைசிப் பல்லுகிட்ட வலிக்குது. முறுக்கு கடிக்க முடியல"ன்னான்.

நமக்குத்தான் எல்லாம் தெரியுமே. வயசு இருபது. கடைசிப் பல். வலி. இதுக்கு மேல என்ன வேணும்? "ஞானப்பல் முளைக்குதுலே. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கொஞ்ச நாள் படுத்தும், அப்புறம் தானா சரியாயிடும்"னு தீர்ப்பு சொல்லிட்டேன். எங்கம்மா, அதாவது அவனோட ஆச்சி, கிராம்பை நசுக்கிக் கொண்டு வந்து கொடுத்து, "பிள்ளைக்கு இப்பதான் புத்தி வருது போல"ன்னு சிரிச்சா. கிராம்பு வச்சதும் வலி அடங்கிடுச்சு. பார்த்தியா, நான் சொன்னேன்ல!

அதுக்கப்புறம் நாலு மாசம் இதே கதைதான். போன்ல வலின்னு சொல்லுவான், நாங்க எல்லாரும் கோரஸா "முளைக்குது, முளைக்குது"ன்னு சொல்லுவோம். பொங்கலுக்கு வந்தப்போ பனங்கிழங்கை வலது பக்கமா மட்டும் மென்னுக்கிட்டு இருந்தான். அதையும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். மார்ச் மாசம் ஒரு நாள் ராத்திரி கன்னம் வீங்கி, தூக்கம் இல்லாம, ரூம்ல கூட இருக்கிற பசங்க காலையில பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. முகத்தைச் சுத்தி வந்து மொத்தத் தாடையையும் ஒரே படமா எடுப்பாங்களே, ஓ.பி.ஜி எக்ஸ்ரே, அதை எடுத்திருக்காங்க. படத்தை எனக்கு வாட்ஸப்புல அனுப்பிட்டுப் போன் பண்ணினான்.

"மாமா, எனக்கு ஞானப்பல்லே இல்லையாம். நாலுமே இல்ல. இனிமே முளைக்கவும் முளைக்காதாம்."

"அப்போ வலி?"

"அது அதுக்கு முந்தின பல்லு மாமா. சொத்தை நரம்பு வரைக்கும் போயிடுச்சாம்."

பல் டாக்டர்கள் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நம்பர் வச்சிருக்காங்க. கீழ்த்தாடை இடது பக்கம் கடைசிக்கு முந்தினது 37, கடைசி ஞானப்பல் 38. அவன் சீட்டுல 37க்கு ரூட் கெனால்னு எழுதியிருந்தது. 18, 28, 38, 48 நாலும் இல்லைன்னு எழுதியிருந்தது. அதாவது தெருவுல 38ஆம் நம்பர் வீடே கிடையாது. அந்த வீட்டுக்கு ஆள் குடிவர்ற சத்தம்னு நாங்க சொல்லிக்கிட்டு இருந்தப்போ 37ஆம் நம்பர் வீடு உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

அந்த டாக்டர்கிட்ட நானே போன்ல பேசினேன். தீபாவளியப்பவே காட்டியிருந்தா அடைச்சே முடிச்சிருக்கலாமான்னு கேட்டேன். "இருக்கலாம் சார், இப்ப அதை எப்படிச் சொல்ல"ன்னார். நல்ல மனுஷன், திட்டலை. திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

கிராம்பு மேல எனக்குக் கோபம் இல்லை. அதுல இருக்கிற யூஜினால் நிஜமாவே மரத்துப் போக வைக்கிற சரக்குதான். பல் டாக்டர்களே துத்தநாக ஆக்சைடோட அதைக் குழைச்சுத் தற்காலிகமா அடைக்கிறாங்க. ஆனா அது வலியை மறைக்கும், சொத்தையை நிறுத்தாது. கோபம் எல்லாம் என் வாய் மேலதான். ஏன் அவ்வளவு உறுதியா சொன்னேன்? மனுஷன்னா முப்பத்திரண்டு பல், இருபது வயசுன்னா ஞானப்பல். இதை யார் நமக்குச் சொன்னது?

நம்ம பேச்சைக் கவனிங்க. முப்பத்திரண்டும் தெரியச் சிரிச்சான்னு சொல்றோம். முப்பத்திரண்டையும் தட்டிக் கையில குடுத்துடுவேன்னு மிரட்டுறோம். (என் மருமகனை அப்படி மிரட்டினா பாக்கி நாலுக்கு அவன் எங்க போவான்?) பள்ளிக்கூடப் புத்தகத்திலயும் பெரியவங்களுக்கு 32 பல்னுதான் போட்டிருக்கு. அதுல தப்பு இல்லை, முழு எண்ணிக்கை அதுதான். ஆனா முழுசா இல்லாதவங்க எத்தனை பேர்னு யாரும் சொல்லிக் கொடுக்கலை.

அந்த எண்ணைத் தேடிப் படிச்சேன். ஹார்வர்டைச் சேர்ந்த கார்ட்டர், வொர்திங்டன்னு ரெண்டு பேர் பல நாடுகள்ல ஏற்கெனவே நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேர்த்து 2015ல் கணக்குப் போட்டிருக்காங்க. ஞானப்பல் ஒண்ணாவது பிறவியிலேயே இல்லாதவங்க 22.63 சதவீதம். அஞ்சுல ஒருத்தருக்கும் மேல. நம்ம வீட்டுக் கல்யாணப் பந்தியில ஒரு வரிசைக்கு அஞ்சாறு பேராவது தேறுவாங்க. ஆண்களை விடப் பெண்களுக்கு இது கொஞ்சம் கூடுதல். கீழ்த்தாடையை விட மேல்தாடையில கூடுதல். ஒண்ணு ரெண்டு இல்லாதவங்கதான் அதிகம். எங்க ஆளு மாதிரி நாலும் இல்லாதவங்க குறைவு, ஆனா அதிசயப் பிறவி ஒண்ணும் கிடையாது.

இன்னொரு கணக்கும் இருக்கு. அதே ரெண்டு பேர் அடுத்த வருஷமே, ஞானப்பல் இருந்தும் வெளிய வர முடியாம எலும்புக்குள்ளயே மாட்டிக்கிட்டவங்களைப் பத்திக் கணக்குப் போட்டாங்க. அது சுமார் 24 சதவீதம். வாயைத் திறந்து பார்க்கிறவருக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அங்க பல் இல்லை. ஒருத்தனுக்கு விதையே போடலை, இன்னொருத்தனுக்கு விதை போட்டும் முளைக்கலை. எக்ஸ்ரே இல்லாம இது எது, அது எதுன்னு எந்த மாமாவாலயும் சொல்ல முடியாது.

விதைன்னு சும்மா உவமைக்குச் சொல்லலை, கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்குது. கடைவாய்ப் பற்களுக்கு முன்னோடியா பால்பல் கிடையாது. தாடை பின்பக்கமா வளர வளர, பல் உண்டாக்குற திசுப் பட்டையும் பின்னாடி நீண்டுக்கிட்டே போய் ஒவ்வொரு கடைவாய்ப் பல்லா மொட்டு விடுது. முதல் கடைவாய்ப் பல்லுக்கான வேலை தாய் வயித்துலயே ஆரம்பிச்சிடும். ஞானப்பல்லுக்கான மொட்டு குழந்தை பிறந்து நாலஞ்சு வயசு ஆன பிறகுதான். ஏழிலிருந்து பத்து வயசுக்குள்ள சுண்ணாம்புச் சத்து படிய ஆரம்பிக்கும், அப்பதான் எக்ஸ்ரேயில தெரியும். பதினாலு வயசுப் படத்துல சுவடே இல்லைன்னா பெரும்பாலும் இல்லைன்னே அர்த்தம். எங்கேயோ ஒண்ணு ரெண்டு பேருக்கு மட்டும் லேட்டா தலைகாட்டும்.

ஆக, வரிசையில கடைசி ஆள், மொட்டு விடுறதும் கடைசி. பந்தியில கடைசியா உக்கார்றவனுக்குப் பாயசம் தீர்ந்து போற மாதிரி. எலிப் பற்களை வச்சு ஹெல்சிங்கியில ஒரு சோதனை பண்ணி 2007ல் வெளியிட்டாங்க. முன்னாடி இருக்கிற கடைவாய்ப் பல் மொட்டு, பின்னாடி வரப்போறதை அடக்கி வைக்குதாம். முன்னதை வெட்டி விலக்கினா பின்னது சீக்கிரமாவும் பெருசாவும் வளருதாம். கூட்டுக் குடும்பத்துல பெரியண்ணன் மாதிரின்னு வச்சுக்குங்களேன். இந்த அடக்குமுறை கொஞ்சம் கூடிப் போனா கடைசித் தம்பி பிறக்கவே மாட்டான்.

பரம்பரையும் உண்டு. எம்.எஸ்.எக்ஸ்1, பேக்ஸ்9 என்ற ரெண்டு மரபணுக்கள்ல கோளாறு இருந்த குடும்பங்களைப் பத்தி 1996லயும் 2000த்திலயும் எழுதியிருக்காங்க. அவங்களுக்கு ஞானப்பல்லோட வேற பற்களும் சேர்ந்தே இல்லை. இங்கதான் என் தங்கச்சி மாட்டினா.

ராத்திரி பதினோரு மணிக்குப் போன். அழறா. என்னன்னு கேட்டா, "பிறவியிலேயே பல் இல்லாட்டா குடல்ல கேன்சர் வரும்னு போட்டிருக்காண்ணே"ங்கிறா. இணையத்துல தேடியிருக்கா. அது எதுன்னு நானும் தேடிப் பிடிச்சேன். பின்லாந்துல ஒரு குடும்பம், 2004ல் வந்த ஆய்வு, ஆக்சின்2 என்ற மரபணு. அந்தக் குடும்பத்துல பதினொரு பேருக்குக் குறைஞ்சது எட்டு நிரந்தரப் பற்கள் இல்லை. ரெண்டு பேருக்கு மொத்தமே மூணு நிரந்தரப் பல்தான் வந்திருக்கு. அவங்கள்ல எட்டுப் பேருக்குப் பெருங்குடல் புற்றுநோயோ அதுக்கு முந்தின நிலையோ இருந்திருக்கு. ஆய்வு உண்மை. ஆனா எட்டுப் பல் இல்லாததும் ஞானப்பல் மட்டும் இல்லாததும் ஒண்ணா? பிறவியிலேயே பல் குறையிறதைக் கணக்கெடுக்கும்போது பல் டாக்டர்கள் ஞானப்பல்லைச் சேர்க்கிறதே இல்லை. அதை நீக்கிட்டுத்தான் எண்ணுவாங்க. அவ்வளவு சாதாரணம் அது. இதை அவளுக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறமும், "நெசமாத்தான சொல்லுத? போன தடவ மாதிரி இல்லியே?"ன்னு கேட்டா. வாங்கிக்கிட்டேன். கேக்க வேண்டிய கேள்விதானே.

இது ஒரு பக்கம் பயம்னா இன்னொரு பக்கம் பெருமை. பையன் ரூம்ல இருக்கிறவனுங்க அவனுக்குப் பட்டமே கொடுத்துட்டானுங்க, "அடுத்த கட்ட மனுஷன்"னு. பரிணாம வளர்ச்சியில இவன் நம்மளை எல்லாம் முந்திட்டானாம். பீட்சா, பரோட்டான்னு மெத்து மெத்துன்னு தின்னே பல்லு தேவையில்லாம போச்சாம். எங்கம்மாவும் இதையேதான் வேற பாஷையில சொல்றா. "எங்க காலத்துல பனங்கிழங்கைக் கடிச்சு இழுத்தோம், கரும்பைத் தோலோட உரிச்சோம். இதுகளுக்கு எங்க பல்லு மொளைக்கும்?"

ரெண்டு பேர் சொல்றதும் தப்புங்கிறது என் கட்சி. சாப்பாடு மெத்துன்னு ஆனதால தாடை சின்னதாகி ஞானப்பல் தேய்ஞ்சு போகுதுன்னு சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. 1871ல் வந்த மனிதனின் வழித்தோன்றல் பத்தின புத்தகத்துல டார்வினே இந்த மாதிரிதான் எழுதினார். நாகரிகம் அடைஞ்ச இனங்கள்லன்னு வேற சேர்த்துக்கிட்டார். அந்த வார்த்தைதான் இடிக்குது. சீனாவுல லாந்தியன் பகுதியில 1963ல் ஒரு கீழ்த்தாடை கிடைச்சுது. ஹோமோ எரக்டஸ், ஆறு லட்சம் வருஷத்துக்கும் மேல பழசு. அதுல ஞானப்பல் பிறவியிலேயே இல்லை. அந்த ஆளு எந்த ஓட்டல்ல பரோட்டா தின்னார்? வட துருவத்துப் பக்கம் இனூயிட் மக்கள் உறைஞ்ச இறைச்சியைக் கடிச்சு, தோலைப் பல்லால மென்னு பதப்படுத்தி வாழ்ந்தவங்க. பல்லுக்கு அதை விட வேலை கொடுத்தவங்க உலகத்துல குறைவு. அவங்ககிட்ட ஞானப்பல் இல்லாமை நல்லாவே அதிகம்.

எங்கம்மா பேச்சுல பாதி நியாயம் உண்டு, அதையும் சொல்லிடணும். சின்ன வயசுல மெத்துன்னே தின்னு வளர்ந்தா தாடை எலும்பு முழுசா வளராதுங்கிறதுக்கு ஆதாரம் இருக்கு. ஹைராக்ஸ்னு முயல் சைஸ்ல ஒரு பிராணி. அதுல ஒரு கூட்டத்துக்கு வேக வச்ச தீனியும் இன்னொண்ணுக்குப் பச்சைத் தீனியும் போட்டு டேனியல் லீபர்மேன் குழு 2004ல் பார்த்தாங்க. வெந்ததைத் தின்னதுங்களுக்கு முகத்தோட கீழ்ப்பக்கம், பின்பக்கமெல்லாம் பத்து சதவீதம் போல வளர்ச்சி குறைவு. ஆனா அதனால வர்றது இடப் பற்றாக்குறை. பல் இருக்கும், நிக்க இடம் இருக்காது, மாட்டிக்கும். பல்லே உருவாகாம போறது வேற சமாச்சாரம். அப்பா தின்ன பரோட்டா பிள்ளையோட மரபணுவுல போய் எழுதாது. பரிணாமம் ஒண்ணும் நம்மளைப் பரீட்சையில பாஸ் போட்டு மேல் கிளாசுக்கு அனுப்புற வாத்தியாரும் இல்லை.

பேரை வச்சுத்தான் இத்தனை வம்பும். ஞானப்பல், அறிவுப்பல்னு நாம சொல்றோம். இந்திக்காரங்க அக்கல் தாட்னு சொல்றாங்க, அதுவும் அறிவுதான். துருக்கியில இருபது வயசுப் பல்லுன்னு பேர். ஜப்பான்ல அதுக்குப் பேரு "பெத்தவங்களுக்குத் தெரியாதது". அது முளைக்கிற காலத்துல பிள்ளை வீட்டை விட்டுப் போயிருக்கும்ங்கிற அர்த்தத்துல. கொரியாவுல காதல் பல்! எனக்குப் பிடிச்சது அதுதான், காதலும் வலியும் ஒரே வயசுல வருதே :-) ஞானத்துக்கும் பல் எண்ணிக்கைக்கும் நிஜமாவே சம்பந்தம் வேணும்னா புத்தர்கிட்டதான் போகணும். மகாபுருஷ லட்சணம் முப்பத்திரண்டுல ஒண்ணு, அவருக்கு நாற்பது பல்லுங்கிறது. நாம எல்லாருமே எட்டுப் பல் குறைவு. அப்புறம் என்ன ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்றது?

கேலியோட போனா விட்டுடலாம். இருபது வயசுன்னா ஞானப்பல், ஞானப்பல் இல்லைன்னா வயசு ஆகலைங்கிற இந்தக் கணக்கு எங்க வீட்டுல ஒரு பல்லோட முடிஞ்சது. இதே கணக்கை வச்சு ஆளையே எடை போடுற இடங்களும் இருக்கு. இதைப் படிச்சப்புறம்தான் பதிவா எழுதணும்னே தோணுச்சு.

பல்லைப் பார்த்து வயசு சொல்றது பழைய வழக்கம். மாட்டுச் சந்தையில தினமும் நடக்கிறதுதானே. மனுஷனுக்கும் அதைப் பண்ணினாங்க. இங்கிலாந்துல 1833ல் ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது, ஒன்பது வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளைப் பஞ்சாலையில வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு. ஆனா பிறப்பைப் பதிவு பண்ற முறை அங்க 1837ல்தான் ஆரம்பிச்சது. சர்டிபிகேட் கிடையாது, ஆறு வயசுப் பிள்ளையைக் கொண்டு வந்து ஒன்பதுன்னு சொல்லுவாங்க. உயரத்தைப் பார்த்து முடிவு பண்ணிக்கிட்டு இருந்தாங்க. எட்வின் சாண்டர்ஸ்னு ஒரு பல் டாக்டர் ஆயிரத்துக்கும் மேல பிள்ளைகளோட வாயைப் பார்த்துட்டு, உயரத்தை விடப் பல் நம்பகமானதுன்னு 1837ல் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அவர் பண்ணினது நல்ல காரியம், அந்த வயசுப் பற்கள் ஓரளவு காலம் தவறாம வர்றவை.

ஞானப்பல் அந்த ரகம் இல்லை. பதினேழுலயும் வரும், இருபத்தஞ்சுலயும் வரும், அஞ்சுல ஒருத்தருக்கு ஒண்ணாவது வரவே வராது. இருந்தாலும் பதினெட்டு ஆச்சான்னு கேக்கிற வயசுல வாயில வளர்ந்துக்கிட்டு இருக்கிற பல் அது ஒண்ணுதான், வேற வழி இல்லைன்னு அதையே பிடிச்சுக்கிறாங்க. ஸ்வீடன்ல 2017லேர்ந்து அகதியா வந்த இளைஞர்களோட ஞானப்பல் எக்ஸ்ரேயையும் முழங்கால் ஸ்கேனையும் வச்சு வயசு சொல்ல ஆரம்பிச்சாங்க. பெரிய சர்ச்சை ஆச்சு. பிரிட்டன்லயும் 2024 ஜனவரியில அதுக்கு இடம் கொடுக்கிற விதிகள் வந்தன. அங்க பல் டாக்டர்கள் சங்கமே இது கூடாதுன்னு எதிர்த்தாங்க. மருத்துவத் தேவை இல்லாம ஒருத்தரை எக்ஸ்ரே எடுக்கிறதே சரியில்லைங்கிறது அவங்க வாதம்.

நம்ம ஊர்ல சட்டம் தெளிவா இருக்கு. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 94ஆவது பிரிவு. வயசுல சந்தேகம் வந்தா முதல்ல பள்ளிச் சான்றிதழ் இல்லாட்டி பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லைன்னா மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். ரெண்டும் இல்லைன்னாதான் எலும்பு முதலான மருத்துவச் சோதனை. அதாவது டாக்டர் முன்னாடி போய் வாயைத் திறந்து நிக்கிறது பள்ளிக்கூடமும் போகாத, பிறப்பும் பதியாத பிள்ளைதான். செங்கல் சூளையிலயோ வேற எங்கயோ இருந்து மீட்டுக் கொண்டு வந்த ஒரு பொண்ணுன்னு வச்சுக்குங்க. அவளுக்கு 28 பல் இருக்கு. அது பதினாறு வயசோட 28ஆ, இருபத்திரண்டு வயசோட 28ஆ? எண்ணிக்கை சொல்லாது. எக்ஸ்ரேயில அந்த இடமே காலியா இருந்தா எக்ஸ்ரேயும் சொல்லாது, மத்த எலும்புகளைத்தான் பார்க்கணும். என் மருமகனே அப்படி ஒரு இடத்துல சான்றிதழ் இல்லாம நின்னா, நாற்பது வயசுலயும் அவன் வாயில 28தான் இருக்கும்.

ஞானப்பல் முழுசா வளர்ந்து வேர் முத்தியிருந்தா வயசு வந்தவரா இருக்கலாம்னு சொல்றதுல ஓரளவு அர்த்தம் இருக்கு. இல்லாததை வச்சு வயசு வரலைன்னு சொல்றதுல ஒரு அர்த்தமும் இல்லை. இந்த வித்தியாசத்தை ஒரு டாக்டர் தன் அறிக்கையில ஒரு வரி எழுதாம விட்டா, அந்த ஒரு வரிக்கு ஒரு வாழ்க்கை விலை. "28 பற்கள்"னு எழுதிட்டு நிறுத்தக் கூடாது, "ஞானப்பல் எலும்புக்குள்ள இருக்கா, உருவாகவே இல்லையா"ன்னும் எழுதணும். இது என் கருத்து. டாக்டர் யாராவது படிச்சா என்னைத் திருத்தலாம்.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். மருமகனுக்கு ரூட் கெனால் மூணு தடவை போய் முடிஞ்சு, கேப்பும் போட்டாச்சு. அந்த டாக்டர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருந்தது. ஞானப்பல் இல்லாதது அவனுக்கு ஒரு வகையில லாபம்தான், மாட்டிக்கிற தொல்லை, அறுவை எல்லாம் கிடையாது. ஆனா 37ஐ எடுக்க வேண்டி வந்திருந்தா பின்னாடி நிக்க ஆள் இல்லை. ஞானப்பல் உள்ளவங்களுக்கு முந்தின கடைவாய்ப் பல் போனா, வயசும் வளைவும் சரியா இருந்தா அது கொஞ்சம் முன்னால நகர்ந்து வந்து இடத்தை நிரப்பலாம். இவனுக்கு அந்தச் சேமிப்புக் கணக்கே கிடையாது. இருக்கிற 28ல தான் ஆயுசுக்கும் குடும்பம் நடத்தணும்.

அதைக் கேட்டதும் தங்கச்சி தன்னோட சின்னவளையும், பன்னிரண்டு வயசு, ஒரு பல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. ஞானப்பல் இருக்கான்னு இப்பவே படம் எடுத்துப் பார்க்கணும்னு அடம். "வலி இல்லை, கம்பி கட்டுற யோசனை இல்லை, எதுக்கும்மா எக்ஸ்ரே?"ன்னு அந்தம்மா மறுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா வேற ஒண்ணைக் காட்டினாங்க. ஆறு வயசுல பால்பற்களுக்குப் பின்னாடி சத்தமில்லாம வருமே முதல் கடைவாய்ப் பல், அது எதுவும் விழாம புதுசா வர்றதால, அதுவும் பால்பல்தான், விழுந்து முளைக்கும்னு நம்ம ஜனங்க விட்டுடறாங்க. அது விழுந்தா முளைக்காது. சின்னவளுக்கு அதுல கறுப்புப் புள்ளி விட்டிருந்தது. அன்னைக்கே அடைச்சாச்சு. பத்து நிமிஷ வேலை.

இங்கயும் பாருங்க, அதே வியாதிதான். வராத பல்லை வரும்னு நம்பினோம், போனா வராத பல்லைத் திரும்ப வரும்னு நம்பினோம்.

தங்கச்சிக்கும் பழைய எக்ஸ்ரே ஒண்ணு பீரோவுல கிடந்தது, எதுக்கோ எப்பவோ எடுத்தது. அதை எடுத்துட்டுப் போய்க் காட்டினா, அவளுக்கும் கீழ் ரெண்டும் இல்லையாம். நாற்பத்து மூணு வயசுல தெரியுது. இதை எழுத உக்கார்றதுக்கு முன்னாடி நானும் நாக்கால எண்ணிப் பார்த்தேன், மூணு தடவை. முப்பது. மேல ரெண்டு பக்கமும் காலி. உள்ள படுத்துத் தூங்குதா, இல்லவே இல்லையான்னு தெரியலை. வலி எதுவும் இல்லாததால படம் எடுக்கப் போறதில்லை. நீங்களும் எண்ணிப் பார்த்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆனா காலியா இருந்தா "இல்லை"ன்னு அடிச்சுச் சொல்லாதீங்க, "தெரியலை"ன்னு போடுங்க.

போன வாரம் மருமகன் லீவுக்கு வந்திருந்தான். எங்கம்மா முறுக்கு சுட்டா. தட்டை மடியில வச்சுக்கிட்டு இன்னமும் வலது பக்கமாவே கடிச்சுக்கிட்டு இருந்தான். "கேப்பெல்லாம் போட்டாச்சே, இடது பக்கமும் கடியேன்லே, ஒண்ணும் ஆகாது"ன்னேன்.

"டாக்டர்கிட்டக் கேட்டுட்டுக் கடிக்கிறேன் மாமா"ன்னான்.